பல் பிடுங்கிய வீட்டில் ஆப்பிள்

என் மாமனாருக்கு வாயில் மிச்சமிருந்த பதினொரு பற்களையும் பிடுங்கிய வாரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழக்கடையே போட்டிருக்கலாம். சாப்பாட்டு மேசை, ஃபிரிட்ஜ், ஃபிரிட்ஜின் தலை, தையல் மிஷின், சாமி அலமாரியின் கீழ்த்தட்டு என்று திரும்பிய இடமெல்லாம் ஆப்பிள். பல்லே இல்லாத மனிதரைப் பார்க்கப் போகிறோமே, கடித்துத் தின்கிற பழத்தை வாங்கிப் போகிறோமே என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போவதென்றால் ஆப்பிள்தான். கால் ஒடிந்தாலும் ஆப்பிள், கண் ஆபரேஷன் செய்தாலும் ஆப்பிள், சர்க்கரை ஏறிப் படுத்தாலும் ஆப்பிள். கூடவே ஒரு ரொட்டி பாக்கெட். வியாதி என்னவென்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் விசாரிப்பார்கள்.

சென்னிமலையிலிருந்து வந்த ஒரு தூரத்துச் சொந்தக்கார அம்மா மட்டும் ஒரு போர்வை கொண்டுவந்தார். வந்த சாமான்களில் மாமனாருக்கு உபயோகப்பட்டது அது ஒன்றுதான். ஆனால் அந்த அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. கிளம்பும்போது தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிவந்து கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

இது தொண்ணூறுகளின் நடுவில். வீடு சிங்காநல்லூரில். எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். வீட்டில் நாங்கள் நாலே பேர். என் கணவர் காலையில் பம்ப்செட் பட்டறைக்குப் போனால் இருட்டின பிறகுதான் திரும்புவார், திரும்பியும் பட்டறையைப் பற்றித்தான் பேசுவார். அந்தப் பட்டறையை ஆரம்பித்தவர் மாமனார். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பில் பிறந்து வளர்ந்து, டவுனுக்கு வந்து பட்டறை வைத்து, அதை மகன் கையில் கொடுத்துவிட்டு, ஊர் நியாயம் பேசுவதை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டவர். மாமியார் வாயைத் திறந்தால் வேலை சொல்வார். மூடியிருந்தால், சொன்ன வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

ஆக அந்த வீட்டில் என்னோடு பேச்சு என்று பேசியவர் மாமனார் ஒருவர்தான். காலையில் நான் காய் நறுக்க உட்கார்ந்தால் எதிரே நாற்காலியைப் போட்டுப் பேப்பரை உரக்க வாசிப்பார். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு திட்டு உண்டு. மந்திரிக்குத் திட்டு, மழைக்குத் திட்டு, கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்குத் தனித் திட்டு. நடுவில் என் காபிக்கும் திட்டு விழும். இதை எருமைக்கு ஊற்றினால் எருமையே கோபித்துக்கொள்ளும் என்பார். நானும் விடமாட்டேன், எருமை குடிக்காததை மாமா குடிக்கிறீர்களே என்பேன். மாமியார் உள்ளேயிருந்து பாத்திரத்தை ஓங்கி வைப்பார். மாமனாரிடம் மருமகள் வாய்க்கு வாய் பேசுவது அவருக்குப் பிடிக்காது, எங்கள் இருவருக்கும் அதுதான் பிடிக்கும்.

பல் டாக்டர் மூன்று மாதம் கணக்குச் சொல்லியிருந்தார். ஈறு ஆறிக் கெட்டியான பிறகுதான் அளவெடுத்துப் பல்செட் கட்ட முடியும் என்றார். பிடுங்கிய நாலாம் நாள் காலையில் கன்ன வீக்கம் வடிந்து மாமனார் வழக்கம்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டி, பேப்பரை உதறி, வாசிக்க ஆரம்பித்தார். சட்டசபைச் செய்தி. அந்தச் சொல்லில் எத்தனை இடத்தில் காற்று வெளியேற வழி இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு விசில். பாவம், அவர் விடாமல் அடுத்த வரிக்குப் போனார். அடுத்த வரியில் சபாநாயகர் வந்துவிட்டார்.

நான் சிரித்தேன். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில்லை. கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவர் என்னைப் பார்த்தார். பேப்பரை நாலாக மடித்து மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தார். எழுந்து தன் அறைக்குப் போனார். அன்றைக்கு மூடிய வாயை அப்புறம் அவர் திறக்கவேயில்லை.

ஈறு வலி, அதனால்தான் பேசுவதில்லை என்று மாமியார் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். உண்மைக் காரணம் எனக்கும் மாமனாருக்கும் மட்டும்தான் தெரியும். மறுநாளே அவர் அறை வாசலில் நின்று, தப்புங்க மாமா, தெரியாம சிரிச்சுப்போட்டேன் என்று சொன்னேன். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை, எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் ஏதோ எழுதி நீட்டினார். என்ன திட்டோ என்று வாங்கிப் பார்த்தேன். 'காபி' என்று எழுதியிருந்தது.

அதன் பிறகு எல்லாமே காலண்டர் தாளில்தான். 'விசிறி.' 'வெந்நீர்.' 'வந்திருப்பது யார், எப்போது போவார்.' போன தேதிகளின் தாள்கள் தீர்ந்ததும் வரப்போகிற தேதிகளைக் கிழிக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் அந்த வருடம் கார்த்திகை மாதமே வரவில்லை.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை, சாப்பாடும் நின்றது. கஞ்சி வைத்தால் இரண்டு கரண்டி. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் தட்டைத் தள்ளிவிடுவார். காலண்டர் தாளில் 'நான் சீக்காளி இல்லை' என்று எழுதிச் சாப்பாட்டு மேசையில் ஒட்டாத குறையாக வைத்திருந்தார். அவர் வேட்டிக்கு மேல் கட்டுகிற பச்சை பெல்ட் ஒன்று உண்டு, பணத்துக்கு ஒரு பை வைத்துத் தைத்தது. அது இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. ஒரு நாள் சுத்தியலும் ஆணியுமாக உட்கார்ந்து அவரே அதில் புதிதாக ஒரு ஓட்டை போட்டார். பத்து நாளில் இன்னொரு ஓட்டை. சுத்தியல் சத்தம் கேட்டு மாமியார் சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, அவர் காதில் விழாத தூரத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"ஏம்மா, இந்த மனுசன் பல்லோட சேத்து உசுரையும் புடுங்கிக் குடுத்துப்போட்டு வந்துட்டாரா?" என்றார்.

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. என் ஒரு சிரிப்புக்கு இவ்வளவு விலையா என்று அன்று முழுக்க எதையும் தொடக் கை ஓடவில்லை. அவரைச் சாப்பிட வைக்க வேண்டும், பேச வைக்க வேண்டும். காலையில் அந்த நாற்காலி காலியாக எதிரே கிடக்க, வெறுமனே காய் நறுக்குவது என்னால் முடியாத காரியமாகிக்கொண்டிருந்தது.

வீடு நிறைய ஆப்பிளும் ரொட்டியும் இருந்ததே, அதையெல்லாம் யார் தின்றார்கள் என்று கேட்டால், யாரும் தின்னவில்லை. மாமியார் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். வந்த ஆப்பிளைத் தினமும் மதியம் தரம் பிரிப்பார். அடிபடாமல் பளபளவென்று இருப்பது முதல் தரம். அது ஃபிரிட்ஜின் மேல்தட்டில், யாரும் தொடக் கூடாது. நாம் யாரையாவது பார்க்கப் போகும்போது கொண்டுபோவதற்கு. அப்படிப் போன ஆப்பிள் மூன்று வீடு சுற்றி எங்களிடமே திரும்பி வந்ததும் உண்டு. ஜவுளிக்கடைப் பையின் கைப்பிடியில் மாமியாரே போட்ட முடிச்சு இருந்ததால் கண்டுபிடித்தோம். இரண்டாம் தரம், வருகிற ஒறம்பரைக்கு, அதாவது விருந்தாளிகளுக்கு, நறுக்கி வைக்க. ஆனால் வருகிறவர்கள் அவரவர் வீட்டிலும் ஆப்பிளைப் பார்த்துச் சலித்தவர்கள், ஒரு துண்டுக்கு மேல் தொடமாட்டார்கள். மேல்தட்டில் அழுக ஆரம்பித்தது இரண்டாம் தரத்துக்கு இறங்கும், அங்கேயும் அழுகினால் மூன்றாம் தரம். அது நேரே வாளிக்கு.

வாளி என்பது பின்வாசலில் இருக்கிற பிளாஸ்டிக் வாளி. மாட்டுத் தொட்டிப் பழக்கம் மாமியாரை விட்டுப் போகவில்லை. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த் தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதில் விழும். எங்களிடம் மாடு கிடையாது. எங்களுக்குப் பால் ஊற்றுகிற அம்மா தினமும் காலையில் வந்து அந்த வாளியைத் தன் எருமைக்கு எடுத்துப் போவார். மாமியார் எதையுமே வீணாக்கமாட்டார் என்று அந்தத் தெருவில் பெயர். எனக்கு மட்டும் கணக்கு வேறு மாதிரி தெரிந்தது. நல்ல பழம் ஊருக்குப் போகிறது, கெட்ட பழம் எருமைக்குப் போகிறது. வீட்டு மனிதர் இடுப்பு வற்றிப் பெல்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் தர ஆப்பிளை ஒரு நாள் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் அழுகல். அதை வெட்டி எறிந்தால் முக்கால் பழம் நன்றாகவே இருந்தது. அப்போதுதான் மேலே அட்டாலிப் பரணில் கிடக்கிற ஓவன் ஞாபகம் வந்தது.

அந்த ஓவன் வந்த கதை ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்குக் காத்திருந்த காலத்தில் மற்றப் பெண்களைப்போல நானும் டைப்பிங், தையல் முடித்துவிட்டு பேக்கரி வகுப்புக்குப் போனேன். பதினைந்து நாள் வகுப்பு. கடைசி நாள் நான் போட்ட கேக் நடுவில் கிணறுபோலக் குழிந்துவிட்டது. சொல்லிக் கொடுத்த அம்மா, கவலைப்படாதே, மாப்பிள்ளை வீட்டில் ஓவன் இருக்காது என்று ஆறுதல் சொன்னார். இதைக் கேட்ட என் அம்மாவுக்கு ரோஷம் வந்து, சீர்ச் சாமான்களோடு ஒரு ஓவனையும் சேர்த்து அனுப்பிவிட்டார். அலுமினியத்தில் வட்டமாக, மூடியின் நடுவில் சின்னக் கண்ணாடி வைத்தது. மாமியார் அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, இதில் முட்டை வெந்திருக்கிறதா என்பது. ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைக்கிறவர்தான், ஆனால் இனிப்பில் முட்டை என்றால் அவருக்குக் குமட்டும். ஓவன் அன்றைக்கே அட்டாலிக்கு ஏறியது. அதற்குள் சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்.

வெங்காயத்தை முறத்தில் கொட்டிவிட்டு ஓவனைக் கழுவித் துடைத்தேன். முட்டை சேர்க்கமாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாக மாமியாரிடம் சொன்னேன். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். ஆப்பிளும் ரொட்டியும் போட்டு ஒரு புட்டிங் என்றேன். அழுகல் ஆப்பிளிலா என்று முகத்தைச் சுளித்தார், ஆனால் தடுக்கவில்லை. அந்த நிலைமையில் அவர் எதற்கும் தயாராக இருந்தார்.

முதல் நாள் ஆப்பிளைப் பச்சையாகவே நறுக்கிப் பரப்பி, மேலே ரொட்டியைப் பிய்த்துப்போட்டு, சர்க்கரை தூவி, பால் ஊற்றி ஓவனில் வைத்தேன். கால் மணி நேரத்தில் புகை வந்தது. மூடியைத் திறக்கப் போனபோது வீடே அணைந்தது. ஓவனும் தண்ணீர் மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஒன்றாக ஓடியதில் ஃபீஸ் போய்விட்டது. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது மாமனார் ஃபீஸ் ஒயரும் கட்டிங் பிளேயருமாக அறையிலிருந்து வந்தார். மோட்டார் தொழில் செய்தவர், கரண்ட் போனால் சும்மா இருக்க அவரால் முடியாது. ஃபீஸைக் கட்டினார். ஓவன் அருகே வந்து கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தார். மேலே ரொட்டி கரி, கீழே ஆப்பிள் நறுக்கென்று பச்சையாக. என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். ஏதாவது சொல்லமாட்டாரா, ஒரு திட்டு விழாதா என்று நான் ஏங்கிக்கொண்டு நின்றேன். காலண்டர் தாளை எடுத்து எழுதினார்: 'மோட்டார் ஓடும்போது இதைப் போடாதே.' அவ்வளவு நீளமாக அவர் அதுவரை எனக்கு எழுதியதில்லை. அந்தத் தாளை நான் சமையலறை டப்பாவுக்குள் பத்திரப்படுத்தினேன்.

கரிந்ததை வாளியில் கொட்டினேன். எருமை அதை மிச்சம் வைக்காமல் தின்றதாம். என் சமையலுக்குக் கிடைத்த முதல் ரசிகை அதுதான். ஆனால் மறுநாளிலிருந்து அழுகல் ஆப்பிளை எல்லாம் நான் எடுத்துக்கொண்டதால் வாளியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. நாலாம் நாள் பால்காரம்மா வாளியை எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, உங்கூட்டுல எல்லாரும் விரதமுங்களா? ஆப்பிள் தின்னு பழகுன எருமைங்க, இப்பத் தவுட்டத் திரும்பியே பாக்க மாட்டேங்குது" என்றார்.

அடுத்த இரண்டு நாள் பால் தண்ணியாக வந்தது. மாமியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எருமையைப் பகைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது என்று அவரே நடுவில் வந்து பஞ்சாயத்து செய்தார். தோலும் விதையும் நடுத்தண்டும் எருமைக்கு, சதை எனக்கு. பால்காரம்மாவும் ஒத்துக்கொண்டார். பால் பழையபடி வந்தது.

முதல் தோல்வியைப் பற்றி யோசித்ததில் ஒன்று தெரிந்தது. பல்லில்லாதவருக்குச் செய்கிற பண்டம் வாயில் வைத்ததும் தானாகக் கரைய வேண்டும், ஆனால் பார்த்தால் கஞ்சிபோலத் தெரியக் கூடாது. ஆகவே இரண்டாம் தடவை ஆப்பிளைத் தோல் சீவி, நாட்டுச் சர்க்கரையும் சுக்கும் போட்டு அடுப்பிலேயே குழையக் குழைய வேகவைத்தேன். நாலு நாள் காய்ந்த ரொட்டியைக் கையால் உதிர்த்து நெய்யில் பொன்னிறமாக வறுத்தேன். தோல் கறுத்துப்போய், அன்று விட்டால் மறுநாள் வாளிக்குப் போயிருக்கும் பூவன் பழம் ஐந்து கிடைத்தது, அதை மசித்தேன். தோப்பிலிருந்து வந்த தேங்காயில் கெட்டியாகப் பால் எடுத்தேன். ஒரு அடுக்கு ரொட்டி, ஒரு அடுக்கு ஆப்பிள், மேலே வாழைப்பழம், மறுபடி ரொட்டி, எல்லாம் நனைகிற அளவுக்குத் தேங்காய்ப் பால், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துப் பாதி நேரம், தட்டை எடுத்துவிட்டு மீதி நேரம். மோட்டாரை அணைத்துவிட்டேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வாசனை தெருவரைக்கும் போனது. சர்க்கரை ஓரத்தில் பாகாகி, மேலே ரொட்டி முறுகி, தட்டில் எடுத்து வைத்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. அந்தப் பேக்கரி வகுப்பு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. ஒரு கிண்ணத்தில் வைத்து மாமனாரிடம் கொண்டுபோனேன். அவர் கரண்டியால் ஓரத்தைக் கிளறினார். உள்ளே ரொட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். தாளை எடுத்து எழுதினார்: 'சீக்காளிக்குக் குடு.' கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இவரே சட்டசபையில் உட்காரப் போகிறவர் மாதிரி எதற்கு இத்தனை வீறாப்பு என்று மனசுக்குள் திட்டினேன். ஒரு மருமகள் சிரித்ததற்குப் பட்டினி கிடக்கிற மாமனாரை உலகத்தில் எங்கே பார்ப்பது. ஆனால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது அவர் முதுகெலும்பு பனியனுக்கு மேலே தெரிந்தது, கோபம் அப்படியே அடங்கிப்போனது.

கிண்ணத்தைச் சமையலறைக்குக் கொண்டுவந்து தட்டிலேயே கொட்டினேன். அந்த நேரம் பார்த்துச் சோமனூரிலிருந்து பெரிய மாமா வந்து சேர்ந்தார். மாமனாருக்குப் பெரியப்பா மகன், இரண்டு வயது மூத்தவர். விசைத்தறி வைத்திருப்பவர். வருடக்கணக்காகத் தறிச் சத்தத்துக்குள்ளேயே இருந்து காது மந்தமாகி, யாரோடும் கத்தித்தான் பேசுவார். அவர் கையிலும் இரண்டு கிலோ ஆப்பிள். வாய் நிறைய சொந்தப் பல். மாமனாரையும் அவரையும் சின்ன வயதிலிருந்தே ஒப்பிட்டுப் பேசிப் பேசி இருவருக்கும் ஆகாது, ஆனால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வராமலும் இருக்கமாட்டார்கள்.

மாமனாரை முன்னறைக்கு வரவழைத்து எதிரே உட்காரவைத்துக்கொண்டு, பல் போனால் என்ன தம்பி, நானெல்லாம் இந்த வயசிலும் கொப்பரைத் தேங்காயைக் கடித்துத் தின்கிறேன் என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். மாமியார் கொண்டுவந்து வைத்த முறுக்கை மடமடவென்று நொறுக்கினார். மாமனார் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் என் புட்டிங்கைக் கொண்டுவந்து வைத்தேன்.

இது என்ன அம்மணி, களியா என்று கேட்டார் பெரிய மாமா. ஒரு கரண்டி எடுத்தார். கத்திக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். இன்னொரு கரண்டி. அப்புறம் தட்டையே தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். முதல் தடவையாக ஒறம்பரை ஒருவர் எங்கள் வீட்டு ஆப்பிளை ஆசையாகத் தின்றார். நடுவில், உன் மருமகள் கைக்கு மோதிரம் போடலாம் தம்பி என்று மட்டும் சொன்னார். முக்கால் தட்டு காலியானது. அரைத் தட்டு மிச்சமிருந்தபோதே மாமனார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டதை நான் கவனித்தேன். ஓரத்தில் பாகு பிடித்த, நன்றாக முறுகிய ஒரு துண்டு கடைசியாக நின்றது. பெரிய மாமாவின் கரண்டி அதை நோக்கிப் போனது.

"அண்ணா, அது எனக்குங்க."

மெதுவாகத்தான் சொன்னார். இருபத்திரண்டு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட குரல். எனக்கும் மாமியாருக்கும் தெளிவாகவே கேட்டது. ஆனால் யாருக்குச் சொன்னாரோ அவருக்குக் காது கேட்கவில்லை. கரண்டி துண்டுக்குள் இறங்கிவிட்டது. மாமனார் எழுந்து நின்று, பட்டறையில் வேலை வாங்கிய அந்தப் பழைய குரலை எடுத்தார்.

"அண்ணா, அது எனக்குங்க. கரண்டியக் கீழ வெச்சுப்போடுங்க."

பெரிய மாமா பயந்துபோய்க் கரண்டியைக் கீழே வைத்தார். மாமனார் தட்டை இழுத்து, அவர் தின்ற அதே கரண்டியால் அந்தத் துண்டை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஈறாலேயே அரைத்து அரைத்து, தட்டின் ஓரத்துப் பாகையும் சுரண்டித் தின்றார். மாமியார் கதவுக்குப் பின்னால் போய் முந்தானையில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பெரிய மாமா ஒன்றும் நடக்காததுபோலப் பையைத் தேடினார்.

அவர் கிளம்பிப் போனதும் மாமனார் தட்டைத் தானே எடுத்துவந்து சமையலறையில் என்னிடம் கொடுத்தார். காலண்டர் தாள் எதுவும் கையில் இல்லை.

"நாளைக்கும் செய்யி அம்மணி. ரொட்டிய இன்னுங்கொஞ்சம் முறுகலா வையி, இது சீக்காளிக்குச் செஞ்சாப்பல இருக்குது" என்றார்.

அதில் ஐந்தாறு இடத்தில் விசில் வந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பாத்திரத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை. காலித் தட்டைக் குழாயடியில் பிடித்தேன். சரிங்க மாமா என்று சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அழுகல் ஆப்பிளைத் தேடி நான் வாளிப்பக்கம் போனேன். மாமியார் கூப்பிட்டார். ஃபிரிட்ஜைத் திறந்து, மேல்தட்டில் கை வைத்து, யாரும் தொடக் கூடாத அந்த முதல் தர ஆப்பிள்களில் நாலை எடுத்து என் முன்னால் வைத்தார். இது கிணத்துக்கடவுச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியது இல்லையா அத்தை என்று கேட்டேன்.

"அவுங்கூட்டுல ஆப்பிள் இல்லாமயா கெடக்குது? அறுத்துப்போடு" என்றார். அறுக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்த நல்ல ஆப்பிளை அந்த வீட்டுக்காரர்களே தின்னப் போவது அவருக்கும் அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, பரவாயில்லையே, இனிப்பாகத்தான் இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டார்.

நான் ஆப்பிளுக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது எதிரே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மாமனார் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார். பேப்பரை உதறினார். நான் தலையைத் தூக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தலைப்பை வாசித்தார். வேறு செய்தியாகப் பார்த்து எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. சட்டசபையில் கூச்சல், சபாநாயகர் எச்சரிக்கை.

அடக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவர் கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தைத் திருப்பி, இன்னும் உரக்க வாசித்தார்.